ஒரு நூல் இறங்கின சுரம்

டயர் கடை மாடியில் ஞாயிறு காலை கூடிப் பாடுகிறவர்களுக்குச் சட்டம் என்று ஒன்றுதான் உண்டு. கடைசியாகப் படியேறி வருபவர் முதல் பாட்டை எடுக்க வேண்டும். தாமதமாக வருகிறவர்களைத் தண்டிப்பதற்காக யாரோ எப்போதோ கொண்டுவந்தது. எல்லாத் தண்டனைச் சட்டங்களையும் போல இதுவும் திருந்த வேண்டியவர்களை விட்டுவிட்டு, ஏற்கெனவே பயந்தவர்களை மட்டும் திருத்தியது. கூச்சக்காரர்கள் எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு நேரத்துக்கு வந்தார்கள். திருத்த முடியாமல் ஒருவர் மிச்சமிருந்தார்.

அவரைப் பல்லக்கா என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏதோ பெரிய இடத்துப் பெயர் என்று நினைத்து மரியாதையாக நகர்ந்து இடம்விடுவார்கள். விஷயம் அவ்வளவு உயரமானதல்ல. அவர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, மெருகேற்றி அனுப்பும் பட்டறை ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்தவர். வாரம் முழுக்க உழைக்கிற ஜனங்கள் பல்லைக் காட்டப் போவது ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால், அன்று காலை ஊரின் மூலைக்கொன்றாக இருக்கும் கிளினிக்குகளுக்கு செட்டுகளைக் கொடுத்துவிட்டுத்தான் அவர் மாடிக்கு வர முடியும். கைப்பையைத் திறந்தால் பிளாஸ்டர் மாவு மணக்கும். சில நாள், கொடுக்காமல் மிஞ்சிய மேல்வரிசை ஒன்று டப்பாவுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஆக, வாரம் தவறாமல் அவரே கடைசி. வாரம் தவறாமல் முதல் பாட்டு அவருடையது. ஆரம்பத்தில் திட்டிக்கொண்டே பாடினார். பிறகு, வாசலில் நின்று மூச்சு வாங்குவதை மிச்சப்படுத்த, படியேறும்போதே எடுத்துக்கொண்டு வந்தார். நாளடைவில், கீழே டயருக்குக் காற்றடிப்பவர் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் கம்ப்ரஸரை நிறுத்த ஆரம்பித்தார். அந்த மனிதர் வேறு எதற்காகவும், கடை முதலாளிக்காகவும்கூட, கம்ப்ரஸரை நிறுத்தியதில்லை.

கூட்டம் என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். முடிதிருத்துகிறவர் ஒருவர், பார்சல் ஆபீசில் மூட்டை ஏற்றுகிறவர், டியூஷன் வாத்தியார், வங்கி வாசலில் நிற்கும் காவலர், பல வருடமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு நாத்தனார்கள், இன்னும் இப்படி ஒரு முப்பது பேர். நாத்தனார்கள் இருவரும் ஏசல் பாட்டு வரும்போது மட்டும் எதிரெதிரே நின்று வாய் கிழியத் திட்டிக்கொள்வார்கள். பாட்டு முடிந்ததும் அவரவர் மூலைக்குப் போய்விடுவார்கள். இங்கே யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. வீட்டில் கேட்டதை, வேலை இடத்தில் கேட்டதைக் கொண்டுவந்து நடுவில் போடுவார்கள், மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தாலாட்டு, சுமைப் பாட்டு, ஏசல், ஒப்பாரி. ஒப்பாரி முடிந்ததும் டீ.

தனித்தனியாகக் கேட்டால் இவர்களில் பலரைப் பாட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்ளத் தோன்றும். காவலருக்குக் குரல் ஒரே இடத்தில் நிற்கும். அது அவர் தொழில். டியூஷன் வாத்தியார் பாட்டையும் பாடம் போல ஒப்பிப்பார். ஆனால் எல்லோரும் சேர்ந்து வாயைத் திறக்கும்போது, இவர்களில் யாரிடமும் இல்லாத ஒரு குரல் அந்த அறைக்குள் எழுந்து நிற்கும். ஜன்னல் கம்பி அதிரும். அது எங்கிருந்து வருகிறது என்று அவர்களே ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். 'நானில்லப்பா' என்பதுபோல.

மாடியில் இவர்களுக்கு முன்பிருந்தே ஒரு மிதி ஆர்மோனியம் இருந்தது. காலால் மிதித்துக் காற்றேற்றி, கையால் வாசிக்கிற, மேஜை அளவுப் பெட்டி. எப்படி மேலே வந்தது என்று யாருக்கும் தெரியாது. படிக்கட்டின் அகலத்தைப் பார்த்தால் கீழே போக வழியில்லை என்பது மட்டும் தெரியும். அதை வாசித்தவர் லிஃப்ட்காரர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆயுள் முழுக்க மற்றவர்களை மேலே ஏற்றிவிட்டு ஓய்வுபெற்றவர். இப்போது ஒரே ஒரு மாடி ஏறுவதற்கு நடுவில் நின்று இளைப்பாறுகிறார். அவர் மிதிக்க, பெட்டி ஒரு பெருமூச்சு விட்டு ஆரம்பிக்கும். எல்லோரும் அதன் பின்னால் போவார்கள்.

கதை இங்கிருந்து ஒரு பல்லால் திரும்பியது.

பிடுங்கிய முன்பல் ஒன்றுக்கு மாற்று செய்ய நிறம் பார்க்க வேண்டும், நேரில் வந்துவிட்டுப் போங்கள் என்று ஒரு கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் ஒரு நாட்டுப்புற இசைக்குழுவின் தலைவி. டிக்கெட் வைத்துப் பெரிய அரங்குகளில், நாடு நாடாகப் போய்ப் பாடும் குழு. பல்லக்காவுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், இந்த அம்மாளின் பல் வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, பழைய பியானோ கட்டையின் நிறம் என்பதுதான். மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக உதட்டோரம் பிடித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பிறகு டாக்டர் அளவெடுக்கும் பசையைத் தட்டில் நிரப்பித் தலைவியின் வாய்க்குள் அழுத்தி, "இறுகுற வரைக்கும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். பல்லக்கா மாதிரிப் பற்களை வரிசைப்படி திருப்பி அடுக்கிக்கொண்டே, வழக்கம்போல வாய்க்குள் ஒரு பாட்டை உருட்டினார். மூட்டை ஏற்றுகிறவர் கொண்டுவந்து போட்ட பாட்டு அது.

அக்கரையில் வெளக்கு தெரியுது
யாரு ஏத்துன வெளக்கோ
இக்கரையில் நான் நனையுறேன்
யாரு போயிச் சொல்லுவாரோ

நாற்காலியில் இருந்தவரின் கால் விசுக்கென்று உதைத்தது. "ம்ம்! ம்ம்ம்!"

"வலிக்குதாம்மா? மூக்கால மூச்சு விடுங்க."

"ம்ம்ம்!" கை காற்றில் வட்டம் போட்டது.

"குமட்டுதா? கொஞ்சம் முன்னால குனிஞ்சுக்கங்க, சரியாயிடும்."

தலைவி குனியவில்லை. பல்லக்காவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார். பசை இறுகி, டாக்டர் வந்து தட்டைப் பிடுங்கும்வரை விடவில்லை. மோவாயில் பசை வழிய, அவர் பேசிய முதல் வார்த்தை பல்லைப் பற்றியதல்ல.

"அந்த மூணாவது வரி. இன்னொரு தடவை பாடுங்க."

"எந்த வரிம்மா?"

"'நனையுறேன்'னு வந்துச்சே. அந்த இடத்துல ஒரு சுரம் வெச்சீங்க. எங்க பிடிச்சீங்க அதை?"

"நான் எதையும் பிடிக்கலையே. அது அப்படித்தான் வரும்."

பாடிக் காட்டினார். அந்தச் சொல்லில் வரும் மூன்றாவது சுரம், கேட்பவர் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. அதற்குக் கீழே உள்ள இடத்துக்கும் போகவில்லை. ஒரு நூலளவு இறங்கி, இரண்டுக்கும் நடுவில் நின்றது. துணியில் தண்ணீர் ஏறினால் கனத்துத் தொங்குமே, அப்படி. முப்பது வருடமாக ஊர் ஊராகப் பாட்டு கேட்ட ஒருவர், பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு, கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். டாக்டர், மரத்துப்போகப் போட்ட ஊசி வேலை செய்யவில்லையோ என்று கவலைப்பட்டார்.

தலைவி சொன்ன ஏற்பாடு எளிமையானது. கொஞ்ச காலம் குழுவோடு பயிற்சி. அதன் முடிவில் நகரின் பெரிய அரங்கில் நிகழ்ச்சி. முதல் பாட்டு பல்லக்காவுடையது, அதே பாட்டு, அதே சுரம். அது சரியாக அமைந்தால் அவர் குழுவின் நிரந்தரப் பாடகி. பட்டறையை விட்டுவிடலாம். அமையாவிட்டால் பல் எங்கேயும் போய்விடாது.

வாரத்தில் ஆறு நாளை ஞாயிற்றுக்காகத் தள்ளிக்கொண்டிருந்தவர் பல்லக்கா. ஏழு நாளும் ஞாயிறாக இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததில்லை என்று சொல்ல முடியாது; யோசிக்கப் பயந்தார் என்று சொல்லலாம். இப்போது பயந்துகொண்டே யோசித்தார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. ஞாயித்துக்கிழமை காலையில என்னால வர முடியாது."

"ஞாயிறுதான் எல்லாரும் சேர்ந்து பயிற்சி பண்றதே. அன்னைக்கு என்ன வேலை உங்களுக்கு?"

"வேலை இல்ல. பாட்டு."

"இதுவும் பாட்டுதானே?"

"இது வேலைங்க."

தலைவிக்கு இது விளங்கவில்லை. ஆனால் அந்தச் சுரத்துக்காக ஞாயிறு மதியத்துக்குப் பயிற்சியைத் தள்ளிவைத்தார்.

பல்லக்காவின் வீட்டுக்காரர் மின்சார மீட்டர் வாசிக்கிறவர். ஊரார் வீட்டு எண்களைப் பார்த்துப் பார்த்து, எதையும் நம்புவதற்கு முன் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். அன்றும் துடைத்துக்கொண்டார்.

"பாட்டுன்னா இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. பல்லு நிரந்தரம் இல்லையாம்மா?"

"பல்லு எங்கங்க நிரந்தரம்? நிரந்தரமா இருந்தா எனக்கு எதுக்கு வேலை?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி, தொண்டையைப் பார்த்துக்க" என்றார். அவர் அகராதியில் அது ஆசீர்வாதம்.

பயிற்சிக்கூடம் பல்லக்காவை மிரட்டியது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். யாராவது இருமினால் இருமல் வாயருகிலேயே இறந்துவிடும். மாடியில் பாடினால் சுவர் திருப்பிக் கொடுக்கும், தகரக் கூரை கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கும். இங்கே விட்ட குரல் விட்டதுதான். குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள், கெட்டிக்காரர்கள். எந்த ஊர்ப் பாட்டையும் கேட்ட மாத்திரத்தில் வாசிப்பார்கள். முதல் நாளே கீபோர்டு வாசிக்கும் இளைஞர் கையை எடுத்தார்.

"அக்கா, அந்த இடத்துல இறங்குறீங்க."

"அவங்க இறங்கட்டும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்றார் தலைவி.

"அப்ப நாங்க?"

"நீங்க இறங்காதீங்க."

காது ஒரு விசுவாசமில்லாத உறுப்பு. யாரோடு இருக்கிறதோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். கீபோர்டும் குழலும் நரம்புக் கருவிகளும் அந்த மூன்றாவது சுரத்தை அதன் நியாயமான இடத்தில் நிறுத்தி வாசிக்க வாசிக்க, பல்லக்காவின் சுரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. ஒருநாள் அது கீபோர்டோடு கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. இளைஞர் கைதட்டினார். "அக்கா, சரியா வந்துடுச்சு!"

தலைவி தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சு."

"ஏம்மா, சரியாத்தானே பாடினேன்?"

"சரியாப் பாடுறவங்க எங்கிட்ட வண்டி வண்டியா இருக்காங்க. உன்னைச் சரி பண்ணவா கூட்டிட்டு வந்தேன்? பழையபடி பாடு."

"பழையபடி எப்படிப் பாடினேன்னு எனக்குத் தெரியாதேம்மா."

அதுதான் உண்மை. வேண்டுமென்று இறக்கினால் அது தவறாகப் பாடுவதுபோல் கேட்டது. வேண்டாமென்று விட்டால் ஏறிக்கொண்டது. ஞாயிறு காலை மாடிக்குப் போய்விட்டு மதியம் வரும்போது மட்டும் சுரம் பழைய இடத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை கொஞ்சம் இருக்கும். புதன்கிழமைக்குள் ஈரம் காய்ந்துவிடும். ஞாயிறு என்றால் முகம் சுளித்த தலைவி, இப்போது வெள்ளிக்கிழமையே கேட்க ஆரம்பித்தார்: "நாளை மறுநாள் அங்க போறேல்ல? மறந்துடாதே."

ஏன் அப்படி என்று பல்லக்காவுக்கே அரித்துக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு, கீபோர்டுக்காரர் செல்போனில் பதிந்து கொடுத்த சுரவரிசையை ஓடவிட்டு, மிதி ஆர்மோனியத்தில் மூன்றாவது சுரத்தின் கட்டையை அழுத்திப் பார்த்தார். இரண்டும் ஒட்டவில்லை. மற்ற கட்டைகளை அழுத்தினார், எல்லாம் ஒட்டின. அந்த ஒன்று மட்டும் ஒரு நூல் இறங்கியிருந்தது. பெட்டிக்குள் காற்றுப் பட்டு அதிரும் பித்தளை நாக்குகளில் ஒன்று எந்தக் காலத்திலோ தேய்ந்துபோயிருக்க வேண்டும். பெட்டி எந்த வழியில் போனதோ அந்த வழியில் கூட்டமும் போயிருக்கிறது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கூத்தைப் பாருங்க! நம்ம பெட்டியில ஒரு கட்டை இறங்கிக் கெடக்கு. அதைக் கேட்டுக் கேட்டு நாமளும் இறங்கிட்டோம்!"

வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப இத்தனை வருஷமா எல்லாரும் தப்பாவா பாடிட்டிருந்தோம்?" என்றார் முடிதிருத்துகிறவர்.

"தப்புன்னு சொல்லிட முடியாது" என்றார் டியூஷன் வாத்தியார். "எல்லாரும் ஒண்ணாத்தானே தப்பினோம்."

லிஃப்ட்காரர் அந்தக் கட்டையைத் தனியாக அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி அழுத்தினார். பிறகு துண்டால் அதைத் துடைத்தார், அழுக்குதான் காரணம் என்பதுபோல.

அந்தக் கோளாறுக்காகத்தான் தன்னைக் கூப்பிட்டார்கள் என்ற மறுபாதியைப் பல்லக்கா சொல்லவில்லை. குரலுக்காகக் கூப்பிட்டார்கள் என்று மாடியில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் அப்படியே நம்பிக்கொள்ள ஆசையாக இருந்தது. பெரிய பொய்யெல்லாம் இல்லை. சொல்லாமல் விட்டது மட்டும்தான்.

அதற்குப் பலன் நிகழ்ச்சிக்கு முந்தின ஞாயிறு கிடைத்தது. அவர் வழக்கம்போல் கடைசியாகப் படியேறி வந்தபோது, பாட ஆரம்பிப்பதற்குள் முடிதிருத்துகிறவர் வாசலில் வழிமறித்தார். உள்ளே எல்லோரும் வரிசையாக நின்றிருந்தார்கள், பல்செட் விளம்பரம் போலச் சிரித்துக்கொண்டு.

"அக்கா, கண்ணை மூடு."

"எதுக்குடா?"

"மூடுன்னா மூடேன்."

பெட்டியின் பெருமூச்சு கேட்டது. லிஃப்ட்காரர் சுரங்களை வரிசையாக ஏறினார். முதலாவது. இரண்டாவது. மூன்றாவது, பளிங்கு மாதிரி, அதன் நியாயமான இடத்தில், கொஞ்சமும் இறங்காமல்.

"ரிப்பேர்காரரைக் கூட்டிட்டு வந்து பாத்தோம்" என்றார் லிஃப்ட்காரர். அவர் குரலில் அவ்வளவு பெருமை. "அந்தாளு ரெண்டு நாள் உக்காந்து நாக்கையே மாத்திட்டாரு. நீ பெரிய எடத்துக்குப் போற பொண்ணு. நம்மளால உன்னைய யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதில்ல?"

பல்லக்கா சிரித்தார். பல் செய்கிறவருக்கு, ஒப்புக்குச் சிரிப்பது எப்படி என்று தெரியும். உள்ளே என்னவோ இடிந்து விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சுரத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே வீட்டை, அவர்மேல் இருந்த பிரியத்தாலேயே இடித்துவிட்டார்கள். இனி ஞாயிறு வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். அரங்கில் எல்லோரையும் போலச் சரியாகப் பாடிவிட்டுப் பட்டறைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"நல்லா இருக்குண்ணே" என்றார். "ரொம்ப நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன, எடு. கடைசியா வந்தது நீதானே?"

எதை எடுப்பது என்று அவர் யோசிக்கவில்லை. வாய் தானாக அந்தப் பாட்டுக்குப் போனது. அக்கரையில் வெளக்கு தெரியுது. கூட்டம் சேர்ந்துகொண்டது. லிஃப்ட்காரர் மிதித்தார். யாரு ஏத்துன வெளக்கோ. பெட்டி எல்லோருக்கும் முன்னால் சுத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. இக்கரையில் நான்.

மூன்றாவது சுரம் வந்தது. பெட்டி அதன் நியாயமான இடத்தில் நின்றது. முப்பது பேரும் அங்கே நிற்கவில்லை. ஒருவருக்கொருவர் சைகை காட்டாமல், யோசிக்காமல், மாடிப்படி முடியும் இடம் இருட்டிலும் காலுக்குத் தெரிவதுபோல, அத்தனை பேரும் ஒரு நூல் கீழே வந்து இறங்கினார்கள். இரண்டும் மோதின. அறைக்குள் ஏதோ கிழிவதுபோல் ஒரு சத்தம். லிஃப்ட்காரர் சூடு பட்டவர்போல் கட்டையிலிருந்து கையை எடுத்தார்.

பாட்டு நிற்கவில்லை. பெட்டி வாயடைத்துப்போனது முப்பது பேருக்கும் தெரியும்; ஆனால் வரியின் நடுவில் நிற்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. போய்க்கொண்டே இருந்தார்கள். இதுவரை அவர்கள் பெட்டி இல்லாமல் பாடியதே இல்லை. தங்கள் குரலைத் தனியாகக் கேட்டதும் இல்லை. நனையுறேன் என்ற சொல்லில் முப்பது குரலும் கனத்துத் தாழ்ந்து, ஒரே இடத்தில், கருவியின் துணை இல்லாமல், அசையாமல் நின்றன. காவலரின் நகராத குரல்கூட அங்கேதான் நின்றது. ஒருவேளை அது எப்போதுமே அங்கேதான் நின்றிருந்ததோ என்னவோ. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கீழே கம்ப்ரஸர் எப்போதோ நின்றிருந்தது. டியூஷன் வாத்தியார் பாடிக்கொண்டே தன் கையைப் பார்த்தார்; மயிர் குத்திட்டு நின்றது. நாக்கை மாற்றியும் சுரம் மாறவில்லை. அது பெட்டியை விட்டுக் குடிபெயர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

பாட்டு முடிந்ததும் யாரும் டீயைக் கேட்கவில்லை. பல்லக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மறுபாதியைச் சொன்னார்.

"அடிப்பாவி" என்றார் முடிதிருத்துகிறவர். "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ரிப்பேர்காரரு வேணாம் வேணாம்னாரு, நான்தான் கையைக் காலைப் பிடிச்சு ஏத்திட்டு வந்தேன்."

"குரலுக்காகக் கூப்பிட்டாங்கன்னு நெனச்சீங்க எல்லாரும். எப்படிச் சொல்றது?"

"குரல் இல்லாம சுரம் எங்கடி நிக்கும், அந்தரத்துலயா?" என்றார் நாத்தனார்களில் மூத்தவர். இளையவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். அந்த வருடத்தில் அவர்களிடையே எட்டப்பட்ட ஒரே உடன்பாடு அது.

லிஃப்ட்காரர் பெட்டியின் மூடியை மெதுவாகச் சாத்தினார். "அது அதுபாட்டுக்குச் சரியா இருக்கட்டும்" என்றார். "நாம நம்ம பாட்டுக்கு இருப்போம்."

அன்று மதியம் பயிற்சிக்கூடத்தில் பல்லக்கா முதல்முறையாக ஒரு யோசனை சொன்னார். அந்த மூன்றாவது வரியில் எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும்.

"மேடையில சும்மா நிக்கவா அக்கா?" என்றார் கீபோர்டுக்காரர். அவருக்கு அது அவமானமாகப் பட்டது.

"சும்மா நில்லு தம்பி. எங்க லிஃப்ட்காரர் கையை எடுத்தாரு. ஒண்ணும் குறைஞ்சு போயிடல."

தலைவி கீபோர்டின் மேலிருந்த இளைஞரின் கையைப் பார்த்தார். பிறகு, "எடுத்துருங்க" என்றார்.

நிகழ்ச்சியன்று மாடிக் கூட்டம் மொத்தமும் அரங்கின் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தது. பாடாமல் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. ஓர் ஒலிகூட எழுப்பக் கூடாது என்று ஒருவரையொருவர் மிரட்டி வைத்திருந்தார்கள். காவலர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். இருக்கை எண்ணின் சதியால் நாத்தனார்கள் பக்கத்துப் பக்கத்தில். மீட்டர்காரர் மூன்றாவது தடவையாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

விளக்குகள் அணைந்து, மேடையில் ஒரு வெளிச்சம். பல்லக்கா வெளியே வந்தார். அவர் உருவம் அவ்வளவு சிறியது என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. பாட்டு ஆரம்பித்தது. இரண்டு வரி போயிற்று. மூன்றாவது வரியில் கருவிகள் அத்தனையும் ஒன்றாகக் கையை எடுத்தன. அந்தப் பெரிய அரங்கில் ஒரே ஒரு குரல் நின்றது. அதற்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அது போய் நிற்க வேண்டிய நியாயமான இடம் எல்லோருடைய காதுக்கும் தெரியும். எல்லோரும் அங்கே காத்திருந்தார்கள். குரல் அங்கே வரவில்லை. ஒரு நூல் இறங்கியது.

அந்த இடத்தில் அரங்கில் என்ன நடந்தது என்று பிறகு பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். யாரும் இருமவில்லை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு பெண்மணி, முன்பின் தெரியாத பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததை நிகழ்ச்சி முடிந்துதான் கவனித்தாராம். கீபோர்டுக்காரர் கருவிக்கு முன்னால் சும்மா நின்றார். வாழ்க்கையில் தான் வாசித்ததிலேயே அதுதான் சிறந்த வரி என்று இப்போதும் சொல்லிக்கொண்டு திரிகிறார். மேல்தட்டில் முப்பது பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாங்கள் ஞாயிறு தோறும் உள்ளேயிருந்து பாடும் ஒன்றை வெளியேயிருந்து கேட்டது அவர்களுக்கு அது முதல்முறை. இதுவா அது என்று பிரமித்துப் போனார்கள்.

"எப்படிங்க இருந்துச்சு?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார் பல்லக்கா.

இந்தத் தடவை அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "மீட்டர் நின்னுபோச்சும்மா" என்றார்.

பல்லக்கா பட்டறையை விட்டார். குழுவின் நிரந்தரப் பாடகி ஆனார். ஞாயிறு காலை அவருக்கு மட்டுமல்ல, குழு முழுவதற்குமே விடுமுறை என்று தலைவி அறிவித்தார். இதனால் எல்லாம் சுபம் என்று நினைத்தால், யாரும் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் வந்தது.

இப்போது அவருக்குக் கிளினிக் சுற்றும் வேலை கிடையாது. அடுத்த ஞாயிறு நேரத்துக்கு முன்பாகவே மாடிக்கு வந்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். நேரமாயிற்று. கடைசியாக வந்தது யார் என்று கவனிக்கும் பழக்கமே எல்லோருக்கும் விட்டுப்போயிருந்தது. முதல் பாட்டை யார் எடுப்பது என்று தெரியாமல் முப்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாட்டே தொழிலாகப்போன ஒருவர் நடுவில் இருக்கிறார். அவர் எடுக்க முடியாது. சட்டம் சட்டம்தான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பழக்கமில்லாத நடை. ஒவ்வொரு படியிலும் யோசித்து ஏறுகிற நடை. வாசலில் வந்து நின்றது தலைவி. புதுப்பல் ஒன்று மின்ன, ரப்பர் வாசனைக்கு மூக்கைச் சுருக்கிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அது எங்கிருந்து வருதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"வாங்கம்மா, வாங்க" என்றார் முடிதிருத்துகிறவர், பிடிபட்ட ஆளைக் கூப்பிடுகிற குதூகலத்தோடு. "கடைசியா வந்தவங்கதான் எடுக்கணும்."

"நானா? நான் கேக்க வந்தவ."

"இங்க கேக்குறவங்கன்னு தனியா யாரும் கிடையாதும்மா."

தலைவி சுற்றும்முற்றும் பார்த்தார். பெட்டி மூடியிருந்தது. அதன்மேல் டீ டம்ளர்கள். "சுருதி?"

"நீங்க எடுக்குறதுதான்" என்றார் லிஃப்ட்காரர்.

எத்தனையோ மேடை கண்டவர். கைப்பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். கண்ணால் பல்லக்காவைத் தேடினார். அவர் மூட்டை ஏற்றுகிறவருக்கும் காவலருக்கும் நடுவில், எல்லோரையும் போல, யாராவது ஆரம்பிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.

தலைவி ஆரம்பித்தார். அக்கரையில் வெளக்கு தெரியுது. நல்ல குரல், பயின்ற குரல், கொஞ்சம் நடுக்கம். முப்பது பேரும் வந்து சேர்ந்துகொண்டபோது நடுக்கம் போய்விட்டது. மூன்றாவது வரியில் அவர் குரல் தன் வழக்கப்படி நியாயமான இடத்துக்குப் போகப் பார்த்தது. முப்பது பேர் சேர்ந்து அவரைக் கீழே இறக்கினார்கள்.

அவர் கண்கள் அகலமாயின. அந்தச் சுரத்தில் நின்றுகொண்டே பல்லக்காவின் பக்கம் திரும்பினார், அவர் குரல் எது என்று கண்டுபிடிக்க. கண்டுபிடிக்க முடியவில்லை. பல்லக்காவின் வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் முப்பதில் எது அவருடையது என்று, முப்பது வருடம் பாட்டு கேட்டுப் பழகிய அந்தக் காதாலும் பிரித்தெடுக்க முடியவில்லை.

கீழே கம்ப்ரஸர் நின்றது.